310 கூடவா, குறைவா? எழுவான்கரை மணலும் ஈயக் கணக்கும்

ஒரு காணியின் மண்ணை ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறோம். சில கிழமைகளில் அறிக்கை வருகிறது. அதில் ஒரு வரி: ஈயம், கிலோவுக்கு 310 மில்லிகிராம். தாளைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: இது கூடவா, குறைவா?

எந்த நாட்டு அட்டவணையைத் திறக்கிறோமோ அதைப் பொறுத்தது பதில். கனடாவின் வழிகாட்டியில் ஈயத்துக்கு வேளாண் நிலத்தில் 70, குடியிருப்பில் 140, வணிக நிலத்தில் 260, கைத்தொழில் நிலத்தில் 600. அங்கே நம்முடைய 310 தொழிற்சாலைக் காணிக்குச் சரி, கடைக்கும் வீட்டுக்கும் சரிவராது. அமெரிக்கச் சுற்றாடல் நிறுவனம் 1994 முதல் வீட்டு வளவுக்கு 400 என்று வைத்திருந்தது. 2024 சனவரியில் அதை 200 ஆக இறக்கியது. ஆக, 2023இல் தேறிய மண் அடுத்த வருடம் தவறிவிட்டது. மண் இருந்த இடத்தில்தான் இருந்தது. அதே நாட்டின் கலிபோர்னியா மாநிலம் வீட்டு நிலத்துக்கு 80ஐத் தொட்டாலே ஆராயத் தொடங்குகிறது. நெதர்லாந்தோ கட்டாயம் தலையிட வேண்டிய அளவாக 530ஐ வைத்திருக்கிறது.

இலங்கையில் குடிநீருக்கு எண் இருக்கிறது. எஸ்.எல்.எஸ். 614 என்ற நியமத்தின்படி ஒரு லீற்றரில் ஈயம் 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் கழிவு நீருக்கும் வரம்புகள் இருக்கின்றன. மண் என்று வந்தால் ஆய்வாளர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு அட்டவணையோடுதான் ஒப்பிட்டு எழுதுகிறார்கள். ஒப்பிடுவதில் பிழையில்லை. ஆனால் கைக்குக் கிடைத்த அட்டவணையே தீர்ப்பாகிவிடும்போதுதான் சிக்கல். காணிக்காரர் 600ஐக் காட்டுவார், பக்கத்து வீட்டுக்காரர் 80ஐக் காட்டுவார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவருமே அந்த எண் எப்படி வந்தது என்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்டுப் பார்ப்போம். அதற்கு ஒரு கற்பனைக் காணி வேண்டும். மட்டக்களப்பு எழுவான்கரையில், பிரதான வீதிக்கும் வாவிக்கும் இடையில், 20 பேர்ச் மணல் நிலம். பல வருடம் அங்கே பழைய பற்றரிகளை உடைத்து ஈயம் உருக்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது தகரக் கொட்டகை மட்டும் நிற்கிறது. இரண்டு பக்கமும் வீடுகள். ஒரு வேலிக்கு அப்பால் கிணறு.

ஈயம் உருக்குவது இங்கே புதினமான காரியமும் இல்லை. வீச்சுவலைக்கு ஈயக்குண்டு வார்ப்பதைச் சின்ன வயதில் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். சிரட்டைக் கரி நெருப்பு, ஒரு பழைய தகரப் பேணி, அதற்குள் வெள்ளிபோல் மினுங்கும் திரவம். சிந்தியது மணலில் மணியாக உறையும். அதைப் பொறுக்கி விளையாடுவோம். பொறுக்காமல் விட்டதும் புகையாகப் போய்ப் படிந்ததும் அங்கேயேதான் இருக்கும். ஈயம் உக்காது, எரிந்து இல்லாமலும் போகாது.

சுத்திகரிப்பு எண் மண்ணிலிருந்து பிறப்பதில்லை. ஒரு பிள்ளையின் உடம்பிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வருகிறது. பிள்ளையின் இரத்தத்தில் எவ்வளவு ஈயம் வரை பொறுக்கலாம் என்று முதலில் முடிவு செய்கிறார்கள். அதற்கு ஒரு நாளில் எவ்வளவு ஈயம் உள்ளே போகலாம்? உணவும் தண்ணீரும் கொண்டுவருவது போக மண்ணுக்கு எவ்வளவு மிச்சம்? அந்த மிச்சத்தைப் பிள்ளை ஒரு நாளில் விழுங்கும் மண்ணின் எடையால் வகுத்தால் எண் வந்துவிடும். அமெரிக்காவின் பழைய 400 இப்படி வந்ததுதான். ஒரு பிள்ளையின் இரத்தத்தில் ஈயம் டெசிலீற்றருக்கு 10 மைக்கிரோகிராமைத் தாண்டும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக் கூடாது என்பது அன்றைய இலக்கு. பிறகு 10ஐ விடக் குறைவான அளவும் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது என்று தெரிந்தது. அந்த நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் கவனிக்க வேண்டிய அளவை 2012இல் 5 ஆகவும் 2021இல் 3.5 ஆகவும் இறக்கியது. இரத்தத்து எண் இறங்கியதால் மண்ணின் எண்ணும் இறங்கியது.

பிள்ளைகள் மண் விழுங்குவார்களா என்றால், தவழ்கிற பிள்ளையை ஒரு மணித்தியாலம் பார்த்தால் போதும். கை மண்ணில், கை வாயில். அமெரிக்க இடர்க் கணிப்பில் ஆறு வயது வரையான பிள்ளைக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் மண் என்று எடுப்பது பழைய வழக்கம். ஒரு சிட்டிகை உப்பு அளவுதான். கிலோவுக்கு 310 மில்லிகிராம் ஈயம் உள்ள மண்ணில் அந்தச் சிட்டிகைக்குள் 62 மைக்கிரோகிராம் ஈயம் இருக்கும். குடிநீர் நியமத்தின் உச்ச அளவில் இருக்கும் தண்ணீரில் அவ்வளவு ஈயம் சேர 6 லீற்றருக்கு மேல் குடிக்க வேண்டும். மண்ணில் உள்ள ஈயம் தண்ணீரில் உள்ளதைவிடக் குறைவாகத்தான் உடம்பில் சேரும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகவும் கணக்கில் கழிக்கிறார்கள். கழித்த பிறகும் மண்தான் முந்துகிறது.

அந்த 200 எங்கள் முற்றத்துக்குப் பொருந்துமா என்பதுதான் என் சந்தேகம். எழுவான்கரை வீட்டு முற்றம் புல்தரை அல்ல, வெறும் மணல். காலையில் ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டிக் கோடு போட்டால்தான் வீட்டுக்கு முகம் வரும். கூட்டும்போது எழும் தூசு திண்ணையிலும் தண்ணீர்ப் பானையிலும் போய்ப் படியும். பிள்ளை முழு நாளும் வெறுங்காலோடு அந்த மணலில். புல்லும் கம்பளமும் உள்ள வீடுகளில் அளந்து எடுத்த எண்ணை இங்கே அப்படியே போடுவது, பனிக்காலச் சட்டையைச் சித்திரை வெயிலில் மாட்டிவிடுவது மாதிரி.

அடுத்தது அரிதட்டு. சின்ன விடயம் மாதிரித் தெரியும், ஆனால் மணல் நிலத்தில் முழு முடிவையும் இது புரட்டிப்போடும். மண் மாதிரியை அரித்துவிட்டுத்தான் அளக்கிறார்கள். 2 மில்லிமீற்றர் கண்ணுள்ள அரிதட்டில் அரித்தால் கடற்கரை மணல் முழுவதுமே கீழே விழுந்துவிடும். பருமணலில் ஈயம் அதிகம் ஒட்டாது. அது ஒட்டியிருப்பது மணலுக்கு இடையில் கிடக்கும் கொஞ்சத் தூளில்தான். பிள்ளையின் கையில் ஒட்டுவதும் அதே தூள்தான். அதனால்தான் அமெரிக்க நிறுவனம் 2016 முதல் 150 மைக்கிரோமீற்றருக்குக் குறைந்த நுண்பகுதியை அளக்கச் சொல்கிறது. முழு மணலில் 310 என்று வந்த அதே மாதிரியில் தூளை மட்டும் பிரித்து அளந்தால் பல மடங்கு வரலாம். அறிக்கை கிடைத்தால் எண்ணைப் பார்க்குமுன் எந்த அரிதட்டு, எத்தனை அங்குல ஆழம், எத்தனை இடத்தில் எடுத்தது என்பதைப் பாருங்கள். நான்கு மூலையிலும் நல்ல மண்ணை அள்ளி உலையடி மண்ணோடு கலந்தால் எந்தக் காணியும் பாஸ்தான்.

உலோகத்தின் பெயர் மட்டும் தெரிந்தாலும் போதாது. அது எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். தமிழ் வாசகர்களுக்கு இதைக் கொடைக்கானலை வைத்துச் சொல்லலாம். அங்கே இந்துஸ்தான் யூனிலீவரின் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற வழக்கும் வாதமும் பிறகு வருடக் கணக்காக இழுபட்டன. அந்த இடத்துக்கென்று கணக்கிட்டு ஏற்றுக்கொள்ளப்பட்ட இலக்கு கிலோவுக்கு 20 மில்லிகிராம். இங்கிலாந்தில் வீட்டு நிலத்துக்கு 1 தானே, எங்களுக்கு மட்டும் ஏன் 20 என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். இங்கிலாந்தின் 2009 வழிகாட்டியில் பாதரசத்துக்கு உண்மையில் மூன்று எண்கள் இருந்தன. ஆவியாகும் தனிமப் பாதரசத்துக்கு 1, மீதைல் பாதரசத்துக்கு 11, உப்பாக மாறிய அசேதனப் பாதரசத்துக்கு 170. ஒரே உலோகம், 170 மடங்கு வித்தியாசம். வடிவத்தை அளக்காமல் ஒரு பக்கத்தார் 1 என்றும் மறுபக்கத்தார் 20 என்றும் சொல்லிக்கொண்டிருந்தால் வாதம் எந்தக் காலத்திலும் முடியாது. ஆனாலும் எதிர்த்தவர்கள் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த நிலத்துக்குக் கீழே பாம்பார் சோலை இருக்கிறது. நிலத்தில் நடக்கிற மனிதரை மட்டும் வைத்துப் போடும் கணக்கில் மழையோடு கீழே போகும் பாதரசம் வராது.

ஈயத்திலும் இப்படித்தான். சுரங்கத்துச் சல்பைட்டுக் கல்லில் இருக்கும் ஈயம் வயிற்றில் குறைவாகவே கரையும். பற்றரிப் பட்டறையில் விழுவது ஒட்சைட்டும் காபனேற்றும் சல்பேற்றும். ஒட்சைட்டும் காபனேற்றும் வயிற்று அமிலத்தில் நன்றாகக் கரையும். நம் கற்பனைக் காணி இந்த விடயத்தில் மோசமான பக்கத்தில்தான் நிற்கிறது.

சரி, கிணற்றுக்கு வருவோம். எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் மணல் திட்டு. சில அடி தோண்டினால் தண்ணீர். உப்பு நீருக்கு மேலே மிதக்கும் மழைத் தண்ணீர் அது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வந்த பிறகும் குளிக்க, துவைக்க, செடிக்கு ஊற்றக் கிணறுதான். களிமண்ணும் உக்கலும் உலோகத்தைப் பிடித்துவைத்திருக்கும். மணலுக்கு அந்தப் பிடி இல்லை. நெதர்லாந்துக்காரர் இதை அட்டவணையிலேயே சேர்த்திருந்தார்கள். அவர்களுடைய 530 என்பது 25 வீதம் களியும் 10 வீதம் சேதனப் பொருளும் உள்ள மண்ணுக்கு. வேறு மண்ணுக்கு ஈயத்தைத் திருத்தும் முறை எளிது: களி வீதத்தையும் சேதன வீதத்தையும் 50உடன் கூட்டி 85ஆல் வகுத்து, வருவதை 530ஆல் பெருக்கு. நம் மணலுக்கு இரண்டையும் 2 வீதம் என்று போட்டால் 54ஐ 85ஆல் வகுத்து 530ஆல் பெருக்க வேண்டும். சுமார் 337. வசதியாக 530 என்று மேற்கோள் காட்டுகிறவர்கள் அடிக்குறிப்பில் இருந்த இந்தத் திருத்தத்தை விட்டுவிடுகிறார்கள். நம்முடைய 310 அதிலும் மயிரிழையில்தான் தப்புகிறது.

மணலுக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். கடற்கரை மணலில் சிப்பித் துண்டுகள் இருக்கும். அது சுண்ணாம்பு. பற்றரி அமிலம் ஊற்றுண்ட இடத்தில் அமிலத்தை அது கொஞ்சக் காலம் தணிக்கும். அமிலம் தணிந்தால் ஈயம் கரைந்து கீழே இறங்குவதும் குறையும். ஆனால் ஒரே இடத்தில் வருடக் கணக்காக அமிலம் கொட்டினால் அந்த இடத்துச் சிப்பி முடிந்துபோகும். ஆகவே மண்ணில் மொத்த ஈயம் எவ்வளவு என்பதோடு, தண்ணீர் ஊற்றினால் எவ்வளவு கரைந்து வருகிறது என்றும் மண்ணின் அமிலத்தன்மை என்ன என்றும் தனியாகச் சோதிக்காமல் கிணற்றைப் பற்றி ஒன்றும் பேச முடியாது.

இனிப் பாலம் தாண்டி, வாவிக்கு மேற்கே வயல்கள் உள்ள படுவான்கரைக்குப் போவோம். அல்லது தெற்கே, கல்லோயாத் தண்ணீரில் வெள்ளாண்மை செய்யும் அம்பாறை வயல்களுக்கு. அங்கே கேள்வியே வேறு. பிள்ளை மண்ணை விழுங்குவதைவிட, மண்ணிலிருந்து நெல்லுக்குள் என்ன போகிறது என்பதே பெரிது. ஈயம் நெல்மணிக்குள் அவ்வளவாக ஏறாது. கட்மியமும் ஆசனிக்கும் ஏறும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான குணம் உள்ளவை. வயலில் தண்ணீர் நிற்கும்போது மண்ணில் ஒட்சிசன் தீர்ந்துபோகும். இரும்பு ஒட்சைட்டு கரையும். அதில் ஒட்டியிருந்த ஆசனிக் வெளியே வரும். அதே நேரம் கட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து படிந்துவிடும். அறுவடைக்கு முன் தண்ணீரை வடித்தால் எல்லாம் தலைகீழ்: ஆசனிக் அடங்கும், கட்மியம் கிளம்பும். ஒரே மண், ஒரே அளவு உலோகம். வாய்க்காலைத் திறப்பதா அடைப்பதா என்பதைப் பொறுத்துச் சோற்றில் வருவது மாறுகிறது. இதற்கு மண்ணில் ஒற்றை எண் வைப்பது எப்படி?

யப்பான் இதை வேறு வழியில் தீர்த்தது. ஜின்சு ஆற்றுப் பள்ளத்தாக்கில், மேலே இருந்த கமியோக்கா சுரங்கத்தின் கட்மியம் வயலுக்கு வந்து, சோறு வழியாகப் பெண்களின் எலும்பை உருக்கியது. வலிக்குது, வலிக்குது என்று அவர்கள் அழுததே நோய்க்குப் பெயரானது: இத்தாய் இத்தாய். 1970இல் அந்த நாடு வயல் மண் மாசுக்குச் சட்டம் கொண்டுவந்தபோது கட்மியத்துக்கான அளவை மண்ணில் வைக்கவில்லை, அரிசியில் வைத்தது. கிலோ அரிசியில் 1 மில்லிகிராம் வந்தால் அந்த வயல் கெட்ட வயல். 2010இல் அதை 0.4 ஆக இறுக்கினார்கள். ஜின்சுப் பள்ளத்தாக்கில் 860 ஹெக்டேயருக்கு மேற்பட்ட வயலுக்கு நல்ல மண் போட்டு மீட்க முப்பது வருடத்துக்கு மேல் பிடித்தது, 2012இல்தான் முடிந்தது. அரிசியை அளந்து நிலத்தைத் தீர்மானிக்கும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. நாங்கள் தின்பது மண்ணை அல்ல, சோற்றை.

சோறு என்றதும் இன்னொரு கணக்கு. 2010இல் சர்வதேச நிபுணர் குழு கட்மியத்துக்கு மாதம் ஒன்றில் உடல் எடைக் கிலோவுக்கு 25 மைக்கிரோகிராம் வரை பொறுக்கலாம் என்றது. 15 கிலோ பிள்ளைக்கு நாளொன்றுக்கு 12.5 வரும். கணக்குக்காக, பிள்ளை ஒரு நாளில் 150 கிராம் அரிசி சாப்பிடுகிறது என்று வைப்போம். அரிசியில் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் கட்மியம் இருந்தால் அதிலேயே 7.5 போய்விடும். மிச்சம் 5. முன்னே சொன்ன 200 மில்லிகிராம் மண்ணால் அதை வகுத்தால் மண்ணில் 25 வரை பொறுக்கலாம் என்று வரும். அரிசியில் 0.05க்குப் பதில் 0.08 என்றால் மிச்சம் அரை மைக்கிரோகிராம், மண்ணின் எண் 2.5. அரிசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம், மண்ணின் எண்ணைப் பத்தில் ஒன்றாக்கிவிட்டது. பாணும் உருளைக்கிழங்கும் தின்கிற நாட்டின் அட்டவணையைக் காலையில் பிட்டு, மத்தியானம் சோறு, இரவு இடியப்பம் என்று மூன்று வேளையும் அரிசியைத் தின்கிற ஊருக்குக் கொண்டுவந்தால் இதுதான் நடக்கும்.

இயற்கையிலேயே இருக்கும் அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். எந்த மண்ணிலும் கொஞ்சம் உலோகம் இருக்கும். கிழக்குக் கரையில் இல்மனைட் போன்ற கனத்த கறுப்பு மணல் படிந்த இடங்கள் உண்டு. வயலில் பொசுபேற்றுப் பசளையோடு கட்மியமும் கொஞ்சம் வரும். பக்கத்தில் கைபடாத இடத்து மண்ணையும் எடுத்து அளந்தால்தான் பட்டறை எவ்வளவு சேர்த்தது என்று பிரிக்க முடியும். இயற்கை அளவுக்குக் கீழே சுத்தம் செய் என்று கேட்பது யாராலும் ஆகாத காரியம்.

பெரிய பொறி வேறு இடத்தில் இருக்கிறது. கைத்தொழில் நிலத்துக்கு 600, வீட்டு நிலத்துக்கு 140 என்று ஏன் பிரிக்கிறார்கள்? தொழிற்சாலைக்கு வளர்ந்தவர்கள் வந்து எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டுப் போவார்கள், பிள்ளை இருக்காது என்ற எண்ணத்தில். எங்கள் பக்கத்தில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது? பட்டறைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்கு முன்னால் கடை. இன்றைக்குப் பட்டறை நிற்கும் காணி நாளைக்கு மகளின் சீதனம். மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குப் போவது பரம்பரை வழக்கம். விலை ஏறினால் 10 பேர்ச், 10 பேர்ச்சாகத் துண்டு போட்டு விற்பார்கள். அப்போது இது கைத்தொழில் அளவுக்குத்தான் சுத்தம் செய்த காணி என்று வாங்குகிறவரிடம் யார் சொல்வது? எழுவான்கரை மாதிரி நெருக்கமான ஊரில் தளர்ந்த எண்ணை ஏற்பதாக இருந்தால், அது காணி உறுதியில் எழுதப்பட வேண்டும். இல்லையென்றால் முதலிலேயே வீட்டு எண்ணை வைத்துவிடுவது நேர்மை.

நேர்மைக்குச் செலவு உண்டு. 20 பேர்ச் என்பது சுமார் 506 சதுர மீற்றர். ஓர் அடி ஆழத்துக்கு, அதாவது 30 சென்ரிமீற்றருக்கு, முழுக் காணியையும் வெட்டினால் 150 கன மீற்றருக்கு மேல் வரும். நம் கணக்கில் கிட்டத்தட்ட 54 கியூப். எண்ணை 140 என்று வைத்தால் ஏறத்தாழ முழுவதையும் அள்ள வேண்டி வரலாம். 600 என்றால் உலையடியில் சில கியூப்போடு முடிந்துவிடலாம். அள்ளியதைக் கொட்ட இடம் வேண்டும். பள்ளக் காணி நிரப்ப மண் தேடுகிறவர்கள் எப்போதும் இருப்பதால், கவனிக்காமல் விட்டால் அது இன்னொரு வீட்டு அத்திவாரத்துக்குக் கீழே போய்ச் சேரும். அள்ளிய இடத்தை நிரப்ப 54 கியூப் நல்ல மண்ணும் வேண்டும், அதையும் ஏதோ ஓர் ஆற்றிலிருந்துதான் எடுக்கப்போகிறோம்.

அதனால்தான் பலரும் மூடிவிடலாம் என்கிறார்கள். கெட்ட மண்ணை விட்டுவிட்டு, மேலே, கெட்ட மண் இங்கே தொடங்குகிறது என்று காட்டும் அடையாளத் துணி விரித்து, ஒன்றரை அடி நல்ல மண் போடுவது. பிள்ளையின் கைக்கும் ஈயத்துக்கும் இடையில் தடை வந்துவிடும். பல நாடுகளில் இதை ஏற்கிறார்கள். இங்கே 1978 நவம்பர்ச் சூறாவளியையும் 2004 கடல்கோளையும் 2011 சனவரி வெள்ளத்தையும் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்க வேண்டும். கரையோரத்தில் ஒன்றரை அடி மணலை ஒரே இரவில் தண்ணீர் கொண்டுபோனதைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வெள்ளம் வராவிட்டாலும் மண்வெட்டி வரும். எழுவான்கரையில் வெறுங்காணி வாங்கி வீடு கட்டுகிறவர் முதலில் தோண்டுவது கிணறு. சீமெந்து குழைக்கத் தண்ணீர் வேண்டுமே. அடுத்தது மலசலகூடக் குழி. இரண்டும் அந்த ஒன்றரை அடியையும் துணியையும் தாண்டித்தான் இறங்கும். தோண்டியெடுத்த மணலை யாரும் வெளியே கொட்டுவதில்லை; முற்றத்தில் பரப்பி, மட்டம் பார்த்து, மறுநாள் காலையில் விளக்குமாற்றால் கோடு போடுவார்கள்.